கல்லில் உறைந்த கரியின் வரலாறு

ஏட்டில் எழுதப்பட்டதே வரலாறு என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. மன்னர்க்குக் கல்வெட்டு உண்டு. கோயிலுக்குத் தலபுராணம் உண்டு. மிராசுதாரர்க்கு ஆவணம் உண்டு. இவற்றுள் ஒன்றும் இல்லாத மக்களுக்கு வரலாறே இல்லை என்று சொல்வாரும் உளர். அச்சொல்லைக் கேட்டு நம் இளைஞர் சிலர் தலைகுனிவதும் உண்டு. எழுதிவைக்க ஒருவருமே இல்லாத பழங்காலத்தை மனிதன் எவ்வாறு படித்தறிந்தான் என்பதை, நம் கல்விச் சங்கத்தின் இவ்வெள்ளி விழா மலரில் எடுத்துரைக்க விழைகின்றேன். பாறைக்குள் அகப்பட்ட உயிர்ப்பொருள் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் வேதியியல் மாற்றம் அடைந்து கரியாய் நின்ற வரலாறு அது. அக்கரியை மனிதன் அடையாளம் கண்ட வரலாறும் அதனுள் அடங்கும்.

இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நம் பிள்ளைகள் கையில் ஏந்திய சிலேட்டும் பென்சிலுமே போதும்.

சேறு சிலேட்டான விதம்

பாறைகளை மூவகையாகப் பிரிப்பர். உருகிய குழம்பு ஆறி இறுகியது தீப்பாறை. நீரும் காற்றும் கொணர்ந்த மண்ணும் மணலும் படிந்து இறுகியது படிவுப் பாறை. இவ்விரண்டும் பூமிக்குள் ஆழப் புதைந்து, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருகாமலே உருவும் தன்மையும் மாறினால் அஃது உருமாறிய பாறை எனப்படும்.

கடலடியில் படிந்த களிமண் முதலில் களிக்கல் ஆகின்றது. அக்களிக்கல் மேலும் புதைந்து, மலையாக்கத்தின் நெருக்குதலுக்கு உட்பட்டு, ஏடு ஏடாகப் பிரியும் பலகைக் கல்லாக மாறுகின்றது. இதனையே சிலேட்டு என்கிறோம். ஆந்திர மாநிலத்து மார்க்காபுரம் வட்டாரம் இக்கல்லுக்குப் பெயர் பெற்றது. சிலேட்டுகள் பலவற்றின் கருநிறத்திற்குக் காரணம், அச்சேற்றில் கலந்திருந்த நுண்ணுயிர்களின் எச்சமான கரியே. அரிச்சுவடி எழுதிய பலகைக்குள் பல கோடி ஆண்டுகட்கு முன் வாழ்ந்து மடிந்த உயிர்களின் கரி இருந்தது என்பதை எழுதிய பிள்ளை அறிந்திலது. எழுதச் சொன்ன ஆசிரியரும் பெரும்பாலும் அறிந்திலர்.

ஈயம் எனப் பெயர் பெற்ற கரி

பென்சிலின் கதை இன்னும் வியப்பானது. இங்கிலாந்தின் வடமேற்கில் கம்பர்லாந்துப் பகுதியில் போரோடேல் என்னும் பள்ளத்தாக்கு உள்ளது. 16ஆம் நூற்றாண்டில் அங்கே பாறைப் பிளவுகளில் மிகத் தூய கருங்கனிமம் ஒன்று கிடைத்தது. அவ்வூர் இடையர்கள் தம் ஆடுகளுக்கு அதனால் அடையாளக் கோடு இட்டனர் என்பது மரபுச் செய்தி. பார்வைக்கு ஈயம் போல் இருந்தமையால் அறிஞர் அதனைக் கருப்பு ஈயம் என்றனர். அப்பிழை இன்றும் தீரவில்லை. ஈயம் அணுவளவும் இல்லாத பென்சிலை நாமும் ‘லெட் பென்சில்’ என்றே சொல்லி வருகிறோம்.

பீரங்கிக் குண்டு வார்க்கும் அச்சுகளின் உட்புறத்தில் பூசவும் அக்கனிமம் பயன்பட்டது. அதனால் அதன் விலை ஏறிற்று, காவலும் ஏறிற்று. சுரங்கத்தை விட்டு வெளியேறும் தொழிலாளரைச் சோதித்த பின்னரே விடுத்தனர். 1752இல் அதனைத் திருடுவோர்க்குக் கடுந்தண்டனை விதிக்கும் சட்டத்தை இங்கிலாந்து நாடாளுமன்றம் இயற்றியது. முதலில் அதனைக் கையால் எடுத்துப் பயன்கண்ட எளிய மக்களே பின்னர் அதற்காகச் சோதனைக்கு ஆளாயினர். இத்தகைய நிகழ்ச்சி நமக்குப் புதிதன்று.

1779இல் சுவீடன் நாட்டு வேதியியலறிஞர் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே இக்கனிமத்தை ஆராய்ந்து, அதிலிருந்து கரியமில வாயு உண்டாவதைக் காட்டினார். ஆகவே இஃது ஈயம் அன்று, கரியின் ஒரு வடிவம் என்பது தெளிவாயிற்று. 1789இல் ஜெர்மானிய அறிஞர் ஆபிரகாம் வெர்னர், எழுதுதல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று கிராஃபைட் என்னும் பெயரைச் சூட்டினார். பிரெஞ்சு நாட்டிற்கும் இங்கிலாந்திற்கும் போர் மூண்டு கிராஃபைட் வரத்து நின்றபோது, நிக்கோலா கோன்டே என்பார் கிராஃபைட் பொடியைக் களிமண்ணுடன் பிசைந்து சூளையில் சுட்டுப் பென்சில் செய்யும் முறையை வகுத்து, 1795இல் காப்புரிமை பெற்றார். இன்றைய பென்சிலுக்கும் அடிப்படை அம்முறையே.

1797இல் ஸ்மித்சன் டெனன்ட் வைரத்தை எரித்து, அதுவும் முழுக்க முழுக்கக் கரியே என மெய்ப்பித்தார். அரசன் முடியில் ஏறிய வைரமும், அடுப்பங்கரைக் கரியும், மாணவன் கைப் பென்சிலும் ஒரே தனிமத்தால் ஆனவை. அணுக்கள் அமைந்த முறை ஒன்றே வேறு. பிறப்பினால் உயர்வு தாழ்வு கற்பிப்போர் எண்ணிப் பார்க்க வேண்டிய உண்மை இது.

உயிர்ப்பொருள் அடையும் மாற்றங்கள்

கரி என்று அறிந்தாயிற்று. அக்கரி பாறைக்குள் எவ்வாறு வந்தது? இதனை அறிய உயிர்ப்பொருள் பூமிக்குள் படும் பாட்டைப் படிப்படியாகக் காண்போம்.

உயிருடல் பெரும்பாலும் கரி, ஹைட்ரஜன், ஆக்சிஜன், நைட்ரஜன், கந்தகம் ஆகிய தனிமங்களால் ஆனது. பாசியும் நுண்ணுயிரும் மடிந்து சேற்றில் வீழ்ந்தவுடன் பாக்டீரியாக்கள் அவற்றைச் சிதைக்கின்றன. மிகச் சிறு பகுதியே தப்பிப் புதைகின்றது. தப்பிய பகுதி ஒன்றோடொன்று பிணைந்து, எந்தக் கரைப்பானிலும் கரையாத கரும்பொருளாகின்றது. அதற்குக் கெரோஜன் எனப் பெயர். 1906இல் ஸ்காட்லாந்து அறிஞர் கிரம் பிரவுன் இட்ட பெயர் அது.

ஆழம் மிகுந்து வெப்பம் ஏறக்குறைய 60 முதல் 150 டிகிரி செல்சியஸ் வரை உயரும்போது, கெரோஜனிலிருந்து எண்ணெய் பிரிகின்றது. அதற்கு மேல் மீத்தேன் முதலிய வாயுக்களே வெளியேறுகின்றன. ஆக்சிஜன் நீராகவும் கரியமில வாயுவாகவும் நீங்குகின்றது. ஹைட்ரஜன் நீராகவும் மீத்தேனாகவும் நீங்குகின்றது. நைட்ரஜனில் ஒரு பகுதி அம்மோனியம் என்னும் வடிவில் அபிரகக் கனிமங்களுக்குள் பொட்டாசியத்தின் இடத்தில் குடியேறிவிடுகின்றது. எல்லாம் நீங்கிய பின் எஞ்சுவது கரியே.

அக்கரி அணுக்கள் ஆறு ஆறாக வளையமிட்டு, வளையங்கள் இணைந்து தகடுகளாகி, தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குற்று ஒழுங்குபெறத் தொடங்குகின்றன. ஏறத்தாழ 300 டிகிரிக்கு மேல் இவ்வொழுங்கு விரைந்து மிகுகின்றது; 500, 600 டிகிரி அளவில் நல்ல கிராஃபைட் உருவாகிவிடுகின்றது. தகடுகளுக்கு இடையேயுள்ள தொலைவு, ஒரு சென்டிமீட்டரைப் பத்துக் கோடிக் கூறாக்கினால் அவற்றுள் 3.35 கூறே. தகட்டிற்குள் பிணைப்பு வலியது. தகடுகளுக்கு இடையே பிணைப்பு மெலியது. ஆதலால் தாளில் தேய்த்தவுடன் தகடுகள் வழுக்கிப் பிரிந்து ஒட்டிக்கொள்கின்றன. நாம் எழுதுவது என்பது இவ்வழுக்குதலே. 1924இல் ஜே. டி. பெர்னால் கிராஃபைட்டின் இவ்வமைப்பை ஊடுகதிர் கொண்டு உறுதிசெய்தார்.

எல்லாக் கரியும் எளிதில் கிராஃபைட் ஆவதில்லை. ரோசலிண்ட் பிராங்க்ளின் என்னும் பெண் அறிஞர் 1951இல் வெளியிட்ட ஆய்வில், சிலவகைக் கரிகள் சூடேற்றியதும் ஒழுங்குபெறுவதையும், வேறு சில 3000 டிகிரியிலும் ஒழுங்குபெறாமையையும் எடுத்துக் காட்டினார். தொடக்கத்தில் அணுக்கள் பிணைந்த முறையே இவ்வேறுபாட்டிற்குக் காரணம். இயற்கையில் சூளையின் கடுஞ்சூடு இல்லை. ஆயினும் மலையாக்கத்தின் நெருக்குதலும் பல இலட்சம் ஆண்டுக் காலமும் துணைநிற்றலால் குறைந்த வெப்பத்திலேயே அம்மாற்றம் கைகூடுகின்றது.

விருப்பம் கண்ட பொய்ச்சான்று

பாறையில் உயிரின் தடம் தேடியவர்கள் வழுக்கி விழுந்ததும் உண்டு. அதனையும் அறிவது நன்று.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கனடா நாட்டின் மிகப் பழைய உருமாறிய பாறைகளில், வெள்ளையும் பச்சையுமாக அடுக்கடுக்கான வரிகள் கொண்ட கற்கள் கிடைத்தன. அந்நாட்டு நிலவியல் ஆய்வுத்துறைத் தலைவர் வில்லியம் லோகன் அவற்றை உயிரின் எச்சம் எனக் கருதினார். புகழ்பெற்ற அறிஞர் ஜான் வில்லியம் டாசன் அவற்றை ஆராய்ந்து, உலகின் முதல் விலங்கு இதுவே எனக் கூறி 1865இல் ‘இயோசூன்’ எனப் பெயரிட்டார். விடியற்கால விலங்கு என்பது அதன் பொருள். டார்வினும் தம் நூலின் 1866ஆம் ஆண்டுப் பதிப்பில் அதனைக் குறித்தார்.

அயர்லாந்தில் கால்வே கல்லூரியைச் சேர்ந்த கிங், ரௌனி என்னும் இருவர் அவ்வாண்டிலேயே மறுப்பு எழுதினர். அவ்வரிகள் உயிரால் ஆனவை அல்ல, வெப்பத்தால் கனிமங்கள் வேதியியல் மாற்றம் அடைந்து தாமே வரிசையுற்றவை என்பது அவர்கள் கருத்து. 1894இல் வெசூவியஸ் எரிமலை வீசியெறிந்த சுண்ணக்கற்களில் அதே வரிகள் காணப்பட்டன. நெருப்பில் வெந்த கல்லிலேயே அவ்வரிகள் தோன்றும் என்றால், அவற்றை உயிரின் தடம் என்பது எவ்வாறு? வழக்கு முடிந்தது. டாசன் மட்டும் 1899இல் மறையும் வரை தம் கொள்கையை விட்டாரில்லை. பேரறிஞராயினும் விருப்பம் கண்ணை மறைத்தால் கல்லில் இல்லாததும் இருப்பதாகத் தோன்றும்.

எடை சொன்ன சாட்சி

அப்படியாயின், உருவம் முற்றும் அழிந்த கரி உயிரினின்று வந்தது என்பதை எவ்வாறு துணிவது? 1930களில் ஆல்பிரட் டிரைப்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர், பாறை எண்ணெயிலும் களிக்கல்லிலும் இலைப் பச்சையத்தின் வழிவந்த சேர்மங்கள் இருப்பதைக் கண்டார். மிதமான வெப்பத்திலேயே அத்தகைய சேர்மங்கள் பிழைக்கும். கிராஃபைட் உருவாகும் வெப்பத்தில் அவை சிதைந்துபோம். அங்கே எஞ்சும் சான்று அணுவின் எடையே.

இயற்கையில் நிலையான கரி அணுக்கள் இரு வகை. 12 எடையுள்ளது நூற்றுக்கு ஏறக்குறைய 99 பங்கு. 13 எடையுள்ளது ஒரு பங்கு. செடியும் பாசியும் கரியமில வாயுவை உட்கொள்ளும்போது இலேசான அணுவையே மிகுதியாக ஏற்கின்றன. ஆதலால் சுண்ணக்கல்லில் உள்ள கரியை நோக்க உயிர்க்கரியில் கனத்த அணு ஆயிரத்துக்கு 20 முதல் 30 பங்கு வரை குறைகின்றது. இவ்வேறுபாட்டை 1939இல் ஆல்பிரட் நியரும் குல்பிரான்சனும் அளந்து காட்டினர். 1948இல் பின்லாந்து அறிஞர் கலெர்வோ ரங்காமா, தம் நாட்டின் தொல்பழம் பாறைகளில் உள்ள கரி இலேசானது என்று கண்டு, அஃது உயிரினின்று வந்தது என வாதிட்டார்.

1999இல் கிரீன்லாந்தில் பிறந்த மினிக் ரோசிங், அந்நாட்டின் இசுவா என்னும் இடத்தில் 370 கோடி ஆண்டுப் பழமை வாய்ந்த உருமாறிய பாறையில் நுண்ணிய கிராஃபைட் துகள்கள் இருப்பதையும், அவற்றின் கரி இலேசாக இருப்பதையும் வெளியிட்டார். ஒரு புதைபடிவமும் இல்லாத பாறையில் உயிர் வாழ்ந்தமைக்கு அத்துகள்களே சான்றாயின.

எனினும் அறிவியல் அங்கே நின்றுவிடவில்லை. 2002இல் மார்க் வான் சூலன் முதலியோர், அதே இசுவாவின் சில பாறைகளில் உள்ள கிராஃபைட் வேறு வழியில் உண்டானது என்று காட்டினர். இரும்புக் கார்பனேட் கனிமம் பெருவெப்பத்தில் சிதைந்தாலும் கிராஃபைட் உண்டாகும். அதற்கு உயிர் வேண்டுவதில்லை. மேலும், மீத்தேன் பிரிந்து செல்லும்போது இலேசான அணுவையே மிகுதியாகக் கொண்டுசெல்வதால் எஞ்சிய கரி சற்றுக் கனக்கின்றது. அருகே சுண்ணக்கல் இருந்தால் அதனோடு அணுமாற்றம் நிகழ்ந்து அடையாளம் மங்கும். ஆகவே ஒவ்வொரு கல்லையும் தனித்தனியே விசாரிக்க வேண்டும் என்பதே முடிவாயிற்று. ஒரு கல்லின் சாட்சியை வேறொரு கல்லின்மேல் ஏற்றுதல் முறையன்று.

தீப்பாறையில் வந்த கரி

இப்போது போரோடேலுக்கு மீள்வோம். அங்கே கிராஃபைட் இருப்பது எரிமலை உமிழ்ந்த தீப்பாறையில். உயிர் வாழவே இயலாத பாறையில் இத்துணைத் தூய கரி எவ்வாறு வந்தது? இவ்வினாவிற்கும் அணுவின் எடையே விடை தந்தது. அக்கரி மிக இலேசானது. அத்தீப்பாறைகளின் அடியில் அவற்றினும் பழைய கடற்களிமண் படிவுகள் உள்ளன. சுமார் 45 கோடி ஆண்டுகட்கு முன் மேலெழுந்த பாறைக்குழம்பு அப்படிவுகளை உட்கொண்டபோது, அவற்றிலிருந்த உயிர்ப்பொருள் கரியமில வாயுவாகவும் மீத்தேனாகவும் மாறிக் கொதிநீரோடு பிளவுகளில் ஏறி, கிராஃபைட்டாகப் படிந்தது என்பது 2009ஆம் ஆண்டளவில் வெளிவந்த ஆய்வுகளின் முடிவு. தீயையும் கடந்து வந்த கரி தன் பிறப்பிடத்தை மறக்கவில்லை.

இலங்கையின் கிராஃபைட் இதனின் வேறுபட்டது. போகல, கஹட்டகஹ முதலிய சுரங்கங்களில் அது பாறைப் பிளவுகளில் நரம்பு நரம்பாகப் படிந்துள்ளது. தமிழ் மரபில் வந்த ஆனந்த குமாரசாமி, கலை அறிஞராகப் புகழ்பெறும் முன்னர் நிலவியலறிஞராக இருந்தவர். 1900இல் இலங்கையின் பாறைகளையும் கிராஃபைட்டையும் பற்றி அவர் ஆய்வுரை வெளியிட்டார். அங்குள்ள கரி உயிர்க்கரியைக் காட்டிலும் கனத்தது. ஆதலால் அதன் மூலம் பூமியின் ஆழமா, உயிரா, இரண்டின் கலப்பா என்பதில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை நிலவுகின்றது.

நம் மண்ணின் சான்று

தமிழ்நாட்டில் சிவகங்கை வட்டாரத்துப் பாறைகளில் கிராஃபைட் செதில் செதிலாக உள்ளது. தமிழ்நாடு கனிம நிறுவனம் அங்கே சுரங்கமும் சுத்திகரிப்பு ஆலையும் அமைத்தது. பண்டைக் கடற்சேறு ஏறக்குறைய 55 கோடி ஆண்டுகட்கு முன் பெருவெப்பத்தில் உருமாறியபோது இத்தகைய பாறைகள் தோன்றின. அத்தகைய பாறைக்குக் கொண்டலைட் எனப் பெயர். 1902இல் டி. எல். வாக்கர் என்பார் ஒடிசாவின் காலாஹண்டி மலைகளை ஆராய்ந்தபோது, அங்கு வாழும் கொண்டர் என்னும் பழங்குடி மக்களின் பெயரால் இப்பெயரை இட்டார். கோனார்க் கோயிலின் கற்களுள் பெரும்பகுதி இவ்வினத்தைச் சேர்ந்ததே. கோயிலைக் கட்டுவித்த மன்னனின் பெயரைக் கல்வெட்டு காத்தது. அக்கல்லோ இன்று மலைவாழ் மக்களின் பெயரால் உலகெங்கும் வழங்குகின்றது.

மற்றொரு பெருமையும் உண்டு. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன் 1928இல் கண்ட ஒளிச்சிதறல் விளைவு இன்று கிராஃபைட்டைப் படிக்கும் கருவியாயிற்று. கரியின்மேல் ஒளியைப் பாய்ச்சிச் சிதறும் ஒளியை அளந்தால் அதன் ஒழுங்கு எத்துணை என்பது தெரியும். ஒருமுறை ஏறிய ஒழுங்கு பாறை குளிர்ந்த பின்னும் குலைவதில்லை. ஆதலால் அப்பாறை தன் வாழ்நாளில் பட்ட மிக உயர்ந்த வெப்பம் இன்ன அளவு என்று கணிக்கலாம். 2002இல் ஒலிவியே பெய்சாக் முதலியோர் 330 முதல் 650 டிகிரி வரை அளக்கும் முறையை இவ்வாறு வகுத்தனர். பட்ட சூட்டைக் கரி தன்னுள்ளே பதிந்து வைத்திருக்கின்றது.

நாம் கொள்ள வேண்டியவை

இளைஞர்களே! டாக்டர் அம்பேத்கர் 1948இல் தீண்டப்படாதோர் யார் என ஆராய்ந்து நூல் எழுதியபோது, நேர்ச்சான்று இல்லாத இடத்தில் ஆய்வாளன் கைகட்டி நிற்கலாகாது என்றார். சிதறிய எலும்புகளைக் கொண்டு அழிந்த விலங்கின் உருவை மீட்கும் அறிஞனோடு அவர் தம் பணியை ஒப்பிட்டார். கல்லுக்குள் எஞ்சிய கரித்துகளைக் கொண்டு 370 கோடி ஆண்டுப் பழமையைப் படிக்க இயலுமாயின், நம் பாட்டன் பூட்டன் வாழ்ந்த இருநூறு ஆண்டுகளைப் படிக்க இயலாதா?

சான்றுகள் நம் அருகிலேயே உள்ளன. செங்கற்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையும், அதனையொட்டி 1892இல் பிறந்த பஞ்சமி நில ஆணையும் உள்ளன. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் தொடங்கிய ‘பறையன்’ இதழும், 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழும் உள்ளன. ஊர்ப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு, நிலவரிப் பதிவேடு, தேயிலைத் தோட்டத்திற்கும் கடல் கடந்த நாடுகளுக்கும் சென்றோரின் கப்பல் பட்டியல், கிழவிமார் பாடும் ஒப்பாரி, வயல்களின் பெயர் ஆகியனவும் உள்ளன. இவற்றை இன்று திரட்டாவிடில் நாளை கிடைக்கமாட்டா.

ஆனால் ஒன்றை மறவாதீர். நமக்கும் ஓர் இயோசூன் வந்து வாய்த்தல் கூடும். நாம் பழைய மன்னர் மரபினர் என்று யாரேனும் சான்றின்றி எழுதித் தருவர்; படிக்க இனிக்கும். பொய்ச்சான்று ஒன்று அம்பலமானால் அதனோடு மெய்ச்சான்றுகள் பத்தும் மதிப்பிழக்கும். கிடைத்த சான்று எவ்வளவு தாங்குமோ அவ்வளவே சொல்லுக. உழைத்து வாழ்ந்தோர் வரலாற்றிற்கு மன்னர் முடி தேவையில்லை.

நம் முன்னோர்க்கு எழுத்து மறுக்கப்பட்டது. நம் பிள்ளைகள் கையிலோ இன்று பென்சில் இருக்கின்றது. அதைக் கொண்டு அவரவர் ஊரில் மூத்தோர் சொல்லும் செய்தியை ஆண்டும் இடமும் குறித்து எழுதிவைக்கும் பணியை, இவ்வெள்ளி விழா ஆண்டிலேயே நம் சங்கத்து இளைஞர் தொடங்குவாராக.